வியர்வை உலர்ந்த பின் வரும் கூலி

காரைக்காலில் முதியவர்களின் கைச்செலவைப் பற்றிப் பேச்செடுத்தால், 'பிரெஞ்சு பென்ஷன்' என்ற சொல் வராமல் அந்தப் பேச்சு முடிவதில்லை. வடக்கே தரங்கம்பாடியும் தெற்கே நாகூரும் தமிழ்நாட்டில் இருக்க, அரசலாறு கடலில் சேரும் இடத்தை ஒட்டிய நம்முடைய சிறு நிலப்பரப்பு மட்டும் 1739 முதல் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. அந்த வரலாறு நமக்குச் சில தெருப்பெயர்களையும், சில பழைய கட்டடங்களையும், மாதந்தோறும் சில வீடுகளுக்கு வந்து சேரும் ஒரு தொகையையும் விட்டுச் சென்றது. கட்டடங்கள் இடிந்துகொண்டிருக்கின்றன. தொகை மட்டும் நாள் தவறாமல் வருகிறது.

நம் பள்ளிவாசலில் அஸருக்குப் பிறகு திண்ணையில் அமரும் பெரியவர்களைப் பாருங்கள். ஒரே ஸஃபில் தோளோடு தோள் நின்று தொழுதவர்கள். ஆனால் அவர்களுடைய உழைத்த காலம் மூன்று திசைகளில் கழிந்திருக்கிறது. சிலர் பிரான்சிலோ பிரெஞ்சு அரசின் படையிலோ பணியாற்றியவர்கள். பலர் சபுராளிகள், வளைகுடாவில் இருபது, முப்பது ஆண்டுகளைக் கழித்துவிட்டு வந்தவர்கள். மற்றவர்கள் இங்கேயே ஆலையிலும் கடையிலும் பள்ளிக்கூடத்திலும் அலுவலகத்திலும் வேலை பார்த்தவர்கள். உழைப்பில் இவர்களுக்குள் ஏற்றத்தாழ்வு சொல்ல முடியாது. ஆனால் மாதம் பிறந்தால் ஒருவர் வங்கிக்குப் போகிறார். ஒருவர் மகனுடைய கைப்பேசி அழைப்புக்குக் காத்திருக்கிறார். ஒருவருடைய பெயர் ஜமாஅத்தின் ஜகாத் பட்டியலில் சேர்கிறது. இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது என்று ஆராய்ந்தால் ஒரு காரணமே திரும்பத் திரும்பக் கிடைக்கிறது. ஒருவருடைய உழைப்பை, அவர் உழைத்த காலத்திலேயே, யாரோ ஒரு பேரேட்டில் எழுதி வைத்தார்கள். மற்றவருடையதை எழுதவில்லை.

திருக்குர்ஆனின் மிக நீளமான வசனம் எதைப் பற்றியது என்று நம் பிள்ளைகளைக் கேட்டால், தொழுகையைப் பற்றி, மறுமையைப் பற்றி என்று ஊகிப்பார்கள். அது கடனைப் பற்றியது. சூரத்துல் பகராவின் 282ஆம் வசனம், குறித்த தவணைக்கென ஒத்திவைக்கப்படும் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளச் சொல்கிறது. நீதியாக எழுதும் எழுத்தரை அமர்த்தச் சொல்கிறது. சாட்சிகளை வைக்கச் சொல்கிறது. தொகை சிறிதாயினும் பெரிதாயினும் எழுதுவதில் சலிப்புக் கொள்ளாதீர்கள் என்று அறிவுறுத்துகிறது. ஓய்வூதியம் என்பது இத்தகைய கடன்தான். இன்று செய்த வேலைக்கான கூலியின் ஒரு பகுதியை, இன்று தராமல், உழைத்தவர் தளர்ந்த பிறகு தருவதாக ஏற்றுக்கொண்ட கடன். அதை முதலாளியின் கொடை என்றோ அரசின் கருணை என்றோ எண்ணுவதால்தான் நம்மில் பலர் அதைக் கேட்கக் கூசுகிறோம். நம்மில் சிலர் அதைக் கொடுக்காமல் விடவும் துணிகிறோம்.

பிரெஞ்சு பென்ஷனுக்கே முதலில் வருவோம்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சைகோன் பிரெஞ்சு ஆட்சிக்குள் வந்தபின், காரைக்காலிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் கப்பலேறியவர்கள் இரண்டு வகையினர். ஒரு வகையினர் அரசு ஊதியத்தில் அமர்ந்தனர்: காவலர், சுங்கப் பணியாளர், அஞ்சலக எழுத்தர், சிறைக் காவலர், படைவீரர். இன்னொரு வகையினர் வணிகம் செய்தனர்: துணிக்கடை, நாணய மாற்று, சில்லறை வணிகம். நம்மவர்கள் பெரும்பாலும் வணிகத்தின் பக்கமே நின்றனர். சைகோன் நகரின் நடுவே 1935இல் தென்னிந்திய முஸ்லிம்கள் எழுப்பிய பள்ளிவாசலில் இன்றும் தொழுகை நடக்கிறது. அந்த வணிகத்தின் வளத்துக்கு அதுவே சாட்சி. ஆனால் முதுமை என்று வரும்போது இரு வகையினரும் ஒன்றாக நடத்தப்படவில்லை. எழுத்தரின் சேவை ஆண்டுகள் அரசின் பதிவேட்டில் இருந்தன. வணிகருடைய ஆண்டுகள் அவருடைய கடையில் இருந்தன. 1954இல் பிரெஞ்சு ஆட்சி அங்கிருந்து விலகியது. 1975இல் சைகோனே கைமாறியது. கடைகள் போயின. பதிவேட்டில் இருந்த பெயர்களுக்கு மட்டும் பணம் வந்துகொண்டிருந்தது.

காரைக்காலும் 1954 நவம்பர் 1 அன்று இந்திய நிர்வாகத்துக்குள் வந்தது. அதை உறுதிசெய்யும் ஒப்பந்தம் 1956 மே 28இல் கையெழுத்தாகி, 1962 ஆகஸ்ட் 16இல்தான் சட்டப்படி நடைமுறைக்கு வந்தது. இங்கே பிறந்து இங்கேயே வாழ்ந்தவர்களுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொள்ள ஆறு மாத கால அவகாசம் தரப்பட்டது. எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். அறிவித்தவர்களின் குடும்பங்கள் பிரான்சுக்குப் போய்வரும் குடும்பங்களாயின. அவர்களில் பலர் அங்கே தொழிற்சாலைகளிலும் அலுவலகங்களிலும் படையிலும் வேலை செய்து, வயது முதிர்ந்தபின் சொந்த மண்ணில் ஓய்வைக் கழிக்கத் திரும்பினார்கள். அந்நாட்டு முறையில், எத்தனை மூன்றுமாதக் காலங்களுக்குச் சந்தா கட்டப்பட்டிருக்கிறது என்பதைக் கணக்கிட்டே ஓய்வூதியம் தீர்மானிக்கப்படுகிறது. பெறுபவர் காரைக்காலில் இருந்தாலும் பணம் வரும். அவர் உயிரோடிருக்கிறார் என்று ஆண்டுக்கொரு சான்றிதழ் போக வேண்டும். அவர் மவுத்தானபின், நிபந்தனைகளுக்கு உட்பட்டு, அதில் ஏறக்குறைய பாதி மனைவிக்குத் தொடரும்.

இந்தப் 'பாதி' என்ன செய்திருக்கிறது என்பதை நம் ஊர்ப் பெண்களே அறிவார்கள். கணவரை இழந்த பெண் மருமகளிடம் மருந்துக்குக் காசு கேட்டு நிற்பதும், தம் பெயரில் வரும் பணத்திலிருந்து பேரப்பிள்ளைகளுக்குப் பெருநாள் காசு கொடுப்பதும் ஒரே வாழ்க்கை ஆகாது. இத்தா முடிந்த நாள் முதல் எஞ்சிய ஆயுள் முழுவதற்குமான மரியாதை அந்தத் தொகையில் அடங்கியிருந்தது. அதனால்தான் முன்பெல்லாம் பெண் கொடுக்கும்போது மாப்பிள்ளையின் வேலை என்ன என்பதோடு, பென்ஷன் உண்டா என்பதையும் விசாரித்தார்கள். கேலி பேச வேண்டாம், அது முன்யோசனை.

அந்த முறையும் குற்றமற்றது என்று சொல்லிவிட முடியாது. பிரான்சு தன் பழைய குடியேற்ற நாடுகளைச் சேர்ந்த படைவீரர்களுக்கு ஓர் அநீதி இழைத்தது. அவர்களுடைய நாடுகள் விடுதலை பெற்றபின், 1959 டிசம்பர் 26ஆம் நாள் சட்டத்தின் மூலம் அவர்களுடைய ஓய்வூதியம் அன்றிருந்த அளவிலேயே உறையவைக்கப்பட்டது. விலைவாசி ஏறியது, பிரெஞ்சுக் குடிமகனான வீரருக்கு ஓய்வூதியமும் ஏறியது. அதே அகழியில் அவருக்கு அருகில் நின்று போரிட்ட செனகல் முஸ்லிமுக்கும் அல்ஜீரிய முஸ்லிமுக்கும் ஏறவில்லை. செனகலைச் சேர்ந்த அமது தியோப் என்ற முன்னாள் படைவீரர் தொடுத்த வழக்கில், 2001 நவம்பர் 30 அன்று பிரான்சின் உச்ச நிர்வாக நீதிமன்றம் இந்தப் பாகுபாடு செல்லாது என்றது. தீர்ப்பு வந்தபோது அவர் உயிரோடில்லை. 2010 மே 28 அன்று அந்நாட்டு அரசியல் சாசன மன்றமும் அதையே சொன்னது. முழுச் சமநிலை 2011 ஜனவரி 1 முதல்தான் வந்தது. அரை நூற்றாண்டு. எழுதி வைத்த கூலியையே பெற இத்தனை காலம் போராட வேண்டியிருந்தது என்றால், எழுதவே படாத கூலியின் கதி என்ன?

அந்தக் கேள்வி நம்மை சபுராளிகளிடம் கொண்டுவருகிறது.

எழுபதுகளுக்குப் பிறகு நம் ஊரின் பயணம் சைகோனையும் பாரிசையும் விட்டுத் துபாய், ஜித்தா, குவைத், தோஹா என்று திரும்பியது. அங்குள்ள ஓய்வூதிய நிதிகள் அந்தந்த நாட்டுக் குடிமக்களுக்கானவை. நம்மவருக்குக் கிடைப்பது பணி முடிவில் ஒரே தடவையாகத் தரப்படும் பணிக்கொடை. ஐக்கிய அரபு அமீரகத்தில் முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதன்பின் ஆண்டொன்றுக்கு 30 நாள். சவூதியில் முதல் ஐந்தாண்டுக்கு அரை மாதம் வீதம், பிறகு ஒரு மாதம் வீதம். 'அடிப்படை' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்துக் காட்டி, மீதியைப் படிகளாக எழுதும் நிறுவனத்தில், இருபது ஆண்டு உழைத்தவரின் பணிக்கொடையும் சுருங்கிவிடும். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் இருபத்திரண்டு வயது இளைஞன் மொத்தத் தொகையைத்தான் பார்க்கிறான். வீட்டிலுள்ள பெரியவர்களாவது அடுத்த வரியைப் படித்துக் காட்டலாம்.

அந்தப் பணிக்கொடை ஊர் வந்து சேர்ந்ததும் எங்கே போகிறது என்பதும் நாம் அறிந்ததே. மகளின் திருமணம், வீட்டின் மாடி, பழைய கடன். அல்ஹம்துலில்லாஹ், கடமைகள் நிறைவேறின என்று நிம்மதியடைகிறோம். இரண்டு ஆண்டுகள் கழித்து அவருடைய கையில் ஒன்றுமிருப்பதில்லை. பிரான்சோடு இந்தியாவுக்குச் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் உண்டு. 2011 ஜூலை 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. இரு நாடுகளிலும் சந்தா கட்டிய காலங்களைச் சேர்த்துக் கணக்கிட அது வழிசெய்கிறது. இந்தியா இப்படி ஒப்பந்தம் செய்துகொண்ட நாடுகளின் பட்டியலில் நம் பிள்ளைகள் அதிகம் போகும் வளைகுடா நாடு எதுவும் இல்லை. வளைகுடா செல்லும் தொழிலாளர்களுக்கென 2012இல் இந்திய அரசு கொண்டுவந்த மகாத்மா காந்தி பிரவாசி சுரக்ஷா யோஜனா என்ற ஓய்வூதியத் திட்டமும் சேர்ந்தவர்கள் மிகக் குறைவு என்பதால் சில ஆண்டுகளிலேயே கைவிடப்பட்டது. குறை அரசின் மீது மட்டும் என்று சொல்லிவிட்டு நகர முடியவில்லை. நம் தெருக்களில் அப்படியொரு திட்டம் இருந்ததையே கேள்விப்பட்டவர்கள் எத்தனை பேர்?

இனி ஊரிலேயே உழைத்தவர்கள். இவர்களுக்கான சட்டம் பழையது. 1952 முதல் வருங்கால வைப்பு நிதி உண்டு. அதோடு 1995 நவம்பர் 16 முதல் ஊழியர் ஓய்வூதியத் திட்டம் சேர்ந்தது. இருபது பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனத்தில், தொழிலாளியின் சம்பளத்திலிருந்து 12 விழுக்காடு பிடிக்கப்படுகிறது. முதலாளியும் அதே அளவு செலுத்துகிறார். முதலாளியின் பங்கில் 8.33 விழுக்காடு ஓய்வூதியக் கணக்குக்குப் போகிறது. மீதி வைப்பு நிதியில் சேர்கிறது. ஓய்வூதியத்துக்குக் கணக்கில் கொள்ளப்படும் சம்பளத்தின் உச்சவரம்பு 2014 செப்டம்பர் முதல் 15,000 ரூபாய். பத்து ஆண்டு சேவை இருந்தால் 58 வயதில் மாத ஓய்வூதியம். கணக்கு எளிது: சராசரிச் சம்பளத்தைச் சேவை ஆண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுக்க வேண்டும். 10,000 ரூபாய் சம்பளத்தில் 14 ஆண்டு வேலை பார்த்தவருக்கு மாதம் 2,000 ரூபாய். ஐம்பது வயதிலிருந்தே கேட்டு வாங்கலாம். ஆனால் 58க்குக் குறையும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 விழுக்காடு குறையும்.

இரண்டாயிரத்தில் என்ன ஆகும் என்ற கேள்வி நியாயமானது. குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014இல் 1,000 ரூபாய் என்று வைக்கப்பட்டது. அதை 7,500 ஆக்கி அகவிலைப்படியும் தர வேண்டும் என்று ஓய்வூதியர்கள் நெடுங்காலமாகக் கேட்டுவருகிறார்கள். அந்தக் கோரிக்கையின் பக்கம் நிற்காமல் இருக்க முடியாது. ஆனாலும் அந்தச் சிறு தொகைக்கும் ஒரு வலிமை இருக்கிறது. பணியில் இருக்கும்போதே தொழிலாளி மவுத்தானால், ஒரே ஒரு மாதச் சந்தா கட்டப்பட்டிருந்தாலும் மனைவிக்கு மாத ஓய்வூதியம் உண்டு. இரண்டு பிள்ளைகளுக்கு 25 வயது வரை தனியே தொகை உண்டு. வைப்பு நிதியோடு இணைந்த காப்பீட்டில் 7 லட்சம் ரூபாய் வரை குடும்பத்துக்குக் கிடைக்க வழியிருக்கிறது. அதற்குத் தொழிலாளி ஒரு காசும் கட்டுவதில்லை. விபத்தில் போன இளைஞனின் வீட்டுக்கு ஆறுதல் சொல்லப் போகும் நம்மில் எத்தனை பேர், அவன் வேலை பார்த்த இடத்தில் இவையெல்லாம் உண்டா என்று கேட்டிருக்கிறோம்? யாசீன் ஓதிவிட்டு, ஒரு வசூலுக்கு ஏற்பாடு செய்துவிட்டு வந்துவிடுகிறோம். வசூல் நல்ல காரியம். ஆனால் உரிமையாக வரவேண்டியது அலுவலகத்தில் கிடக்க, அந்தப் பெண்ணை ஸதகாவுக்குக் கையேந்த வைத்துவிடுகிறோம்.

இன்னொரு பழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். வேலை மாறும்போதெல்லாம் வைப்பு நிதியோடு ஓய்வூதியக் கணக்கில் இருப்பதையும் சேர்த்து எடுத்துவிடுவது. நம் வீட்டுப் பெண்பிள்ளைகள் பலர் தனியார் பள்ளிகளில் ஆசிரியைகளாக ஐந்தாறு ஆண்டுகள் பணியாற்றுகிறார்கள். திருமணமானதும் விலகிப் பணத்தை எடுத்துவிடுகிறார்கள். பத்தாண்டு நிறையாதவர் அதை எடுக்காமல், சேவைக் காலத்தைக் குறிக்கும் திட்டச் சான்றிதழாகப் பெற்று வைத்துக்கொண்டால், பிள்ளைகள் வளர்ந்தபின் மீண்டும் வேலைக்குச் செல்லும்போது அந்த ஆண்டுகள் தொடர்ந்து எண்ணப்படும். ஆசிரியைகளுக்குப் பணிக்கொடையும் உண்டு. ஐந்தாண்டு பணி நிறைந்தால், ஆண்டொன்றுக்குப் பதினைந்து நாள் சம்பளம். 2009இல் திருத்தப்பட்ட சட்டம் 1997 ஏப்ரல் 3 முதலே பின்தேதியிட்டு அவர்களுக்கு அந்த உரிமையைத் தந்தது. தனியார் பள்ளிகள் எதிர்த்த வழக்கில் 2022இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. பிரிவுபசாரத்தில் ஒரு சால்வையும் ஒரு பாத்திரமும் பெற்று வந்த நம் சகோதரிகள் இதை அறிந்திருக்க வேண்டும்.

இதுவரை சொன்னது வாங்குபவர்களைப் பற்றி. கொடுப்பவர்களும் நம் ஸஃபில்தான் நிற்கிறார்கள்.

நம் சமுதாயத்தில் கடை வைத்திருப்பவர்கள் அதிகம். ஜவுளி, மளிகை, உணவகம், நகை, வாகன உதிரிப்பாகம். பல கடைகளில் வருகைப் பதிவேட்டில் பத்தொன்பது பெயர்களே இருக்கும். இருபதாவது ஆள் சட்டத்தைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார் என்று அவருக்குக் கூலி தனியே கையில் தரப்படும். சில இடங்களில் தொழிலாளியின் பங்கு சம்பளத்தில் பிடிக்கப்பட்டும் நிதிக்குப் போய்ச் சேர்வதில்லை. இதைச் சட்டம் என்ன பெயர் சொல்லி அழைக்கிறது தெரியுமா? தொழிலாளியின் சம்பளத்தில் பிடித்த பங்கு முதலாளியிடம் நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருள் என்றும், அதைச் செலுத்தாதது நம்பிக்கை மோசடி என்றும் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 405ஆம் பிரிவு விளக்கம் தந்தது. இப்போது அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 316ஆம் பிரிவில் தொடர்கிறது. நம்முடைய சொல்லில் சொன்னால் அமானிதத்தை மோசம் செய்வது. தொழிலாளியின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன நபி (ஸல்) அவர்கள், முழு வேலையை வாங்கிக்கொண்டு கூலியைக் கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் அல்லாஹ்வே வழக்காடுவான் என்று எச்சரித்ததை புகாரியில் படிக்கிறோம். ஒத்திவைத்த கூலி அந்த எச்சரிக்கைக்கு வெளியே இருக்கிறது என்று யாரும் நினைக்க இடமில்லை.

இங்கே ஒரு சாக்கு அடிக்கடி சொல்லப்படுகிறது: 'பி.எஃப்.இல் வட்டி வருகிறது. நமக்கு அது வேண்டாம்.' உள்ளச்சத்தால் கேட்பவருக்கும் செலவைத் தவிர்க்கக் கேட்பவருக்கும் வேறுபாடு உண்டு. உள்ளச்சத்தால் கேட்பவருக்கு நம் உலமாக்கள் பல தலைமுறைக்கு முன்பே பதில் சொல்லியிருக்கிறார்கள். பாகிஸ்தானின் முஃப்தி முஹம்மது ஷஃபீ (ரஹ்) அவர்கள் வருங்கால வைப்பு நிதியைப் பற்றித் தனி நூலே எழுதினார்கள். அவர்களும் துணைக்கண்டத்து ஹனஃபி அறிஞர்கள் பலரும் தந்த விளக்கத்தின் சாரம் இது: கட்டாயமாகப் பிடிக்கப்படும் தொகை தொழிலாளியின் கைக்கே வந்து சேராதது, தன் கையில் வராத பொருளை அவர் வட்டிக்குக் கொடுத்ததாகக் கருத முடியாது, ஆகவே பின்னர் கூட்டித் தரப்படுவது, பெயர் எதுவாயினும், ரிபா ஆகாது. தாமாக விரும்பிக் கூடுதலாகக் கட்டுவதில் ரிபாவின் சாயல் உண்டு என்பதால் அதைத் தவிர்க்கச் சொன்னார்கள். நம் ஊரில் ஷாஃபிஈகளும் ஹனஃபிகளும் கலந்திருக்கிறோம். அவரவர் தம் ஆலிமிடம் கேட்டுத் தெளியலாம். ஜகாத் எப்போது கடமையாகும் என்பதையும் அதே அமர்வில் கேட்டுவிடுவது நல்லது. மலேசியாவின் ஊழியர் சேமநிதி 2017 முதல் ஷரீஆ முறையிலான கணக்கைத் தேர்ந்தெடுக்க உறுப்பினர்களுக்கு வழி திறந்திருக்கிறது. இங்கேயும் அதைக் கேட்கலாம். ஆனால் தம் கணக்கில் வட்டி வேண்டாம் என்று ஒரு தொழிலாளி சொல்வதும், அவருடைய கணக்கையே முதலாளி திறக்காமல் விடுவதும் ஒன்றாகாது. கடன் வாங்கிக் கடையை விரிவாக்கும்போது வராத வட்டியின் அச்சம் தொழிலாளியின் முதுமை என்றதும் வருகிறது என்றால், அது எந்த வகை அச்சம்?

கலீஃபா உமர் (ரலி) அவர்களின் காலத்து நிகழ்ச்சியொன்றை இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்கள் கிதாபுல் கராஜில் பதிவு செய்திருக்கிறார்கள். பார்வையிழந்த முதியவர் ஒருவர் ஒரு வாசலில் நின்று யாசித்துக்கொண்டிருந்தார். உமர் (ரலி) அவர்கள் அவர் தோளைத் தொட்டு விசாரித்தார்கள். அவர் யூதர், வரியும் வறுமையும் வயதும் தம்மை இந்நிலைக்குக் கொண்டுவந்ததாகச் சொன்னார். உமர் (ரலி) அவர்கள் அவரைக் கைப்பிடித்துத் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்று கொடுத்தனுப்பியதோடு நிற்கவில்லை. பைத்துல் மாலின் பொறுப்பாளரை அழைத்து, இவருடைய இளமையைப் பயன்படுத்திக்கொண்டு முதுமையில் கைவிட்டால் நாம் நீதி செய்தவர்களாக மாட்டோம் என்று கூறி, அவருக்கும் அவரைப் போன்றோருக்கும் வரியை நீக்கி உதவித்தொகை வழங்க உத்தரவிட்டார்கள். நம் கடைகளில் வேலை பார்ப்பவர்களில் மாற்றுமத சகோதரர்களும் நிறைய இருக்கிறார்கள் என்பதை நினைவில் வைத்து இதைப் படிக்க வேண்டும்.

பள்ளிவாசலும் ஒரு முதலாளிதான். முப்பது ஆண்டுகள் ஃபஜ்ருக்கு ஊரை எழுப்பிய மோதினாருக்குக் குரல் தளர்ந்ததும், ஒரு வெள்ளிக்கிழமை துண்டேந்தி வசூலித்துக் கொடுத்து அனுப்பிவிடுவது பல மஹல்லாக்களில் நடப்பது. தமிழ்நாட்டில் ஓய்வுபெற்ற உலமாக்கள், இமாம்கள், மோதினார்களுக்கு வக்ஃப் வாரியத்தின் வழியே ஓய்வூதியம் தரும் திட்டம் நெடுங்காலமாக இருக்கிறது. காரைக்கால் புதுச்சேரி வக்ஃப் வாரியத்தின் கீழ் இருப்பதால் அந்தக் கதவு நமக்குரியதல்ல. ஆனால் ஜமாஅத் தன் வக்ஃப் கடைகளின் வாடகையிலிருந்து மாதந்தோறும் ஒரு பங்கை இமாமின் பெயரிலும் மோதினாரின் பெயரிலும் தனியே எழுதி வைக்க எந்த வாரியத்தையும் கேட்க வேண்டியதில்லை.

எழுதி வைத்ததும் சரியாக எழுதப்பட்டிருக்க வேண்டும். ஓய்வூதியம் தாமதமாவதற்கு நம் வீடுகளில் பெருங்காரணம் பெயர்தான். பணிப் பதிவேட்டில் முகமது, ஆதாரில் முஹம்மத், வங்கியில் முதலெழுத்து மட்டும். பிரெஞ்சுக் காலப் பிறப்புப் பதிவில் தந்தை பெயர் ஓர் உச்சரிப்பில், பின்னாளைய அட்டையில் வேறோர் உச்சரிப்பில். மனைவியின் பெயரோடு பீவி, நாச்சியார், அம்மாள் என்று ஒவ்வோர் ஆவணத்திலும் ஒன்று. அவர் உயிரோடிருக்கும்போது அரை நாளில் திருத்தக்கூடியதை, அவர் போனபின் திருத்த மனைவி புதுச்சேரிக்குப் பேருந்தேற வேண்டியிருக்கிறது. போக நான்கு மணி நேரம், வர நான்கு மணி நேரம். வாரிசு நியமனமும் அப்படியே. திருமணத்துக்கு முன் வேலையில் சேர்ந்தவர் தாயின் பெயரை எழுதியிருப்பார்; பிறகு மாற்ற மறந்திருப்பார். நியமிக்கப்பட்டவர் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் பொறுப்பாளரே தவிர, அந்தப் பெயரினாலேயே முழு உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. வைப்பு நிதியில் சேர்ந்த தொகை மய்யித்தின் சொத்து. பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று என்று தொடங்கும் ஃபராயிள் பங்கீடு அதற்கு உண்டு. மனைவிக்கு மாதந்தோறும் வரும் குடும்ப ஓய்வூதியத்தை அப்படிப் பங்குக்கு உட்பட்டதாக உலமாக்கள் பொதுவாகக் கருதுவதில்லை. அது அவருக்கென்றே தரப்படுவது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, ஒரு விதவையின் ஓய்வூதியத்தில் மைத்துனர்கள் பங்கு கேட்ட பஞ்சாயத்துகளை நம் ஜமாஅத்துகள் பார்த்திருக்கின்றன.

உயிர்வாழ் சான்றிதழுக்கு முன்பு வங்கிக்கே போக வேண்டியிருந்தது. 2014 நவம்பரில் தொடங்கிய ஜீவன் பிரமாண் முறையில் இப்போது கைப்பேசியில் முகத்தைக் காட்டியே அதை அனுப்பிவிடலாம். விரல்ரேகை தேய்ந்துபோன முதியவர்களுக்கு இது பெரிய வசதி. ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தில் ஆண்டின் எந்த மாதத்திலும் கொடுக்கலாம். கொடுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குச் செல்லும். பிரெஞ்சு ஓய்வூதியம் பெறுவோர் தமக்கு வரும் படிவத்தை உரிய அதிகாரியிடம் கையெழுத்து வாங்கிக் குறித்த நாளுக்குள் அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் பணம் நின்றுவிடும். மஹல்லாவுக்கு இரண்டு இளைஞர்கள், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, லுஹருக்கும் அஸருக்கும் இடையே ஒரு கைப்பேசியோடும் ஒரு நோட்டுப் புத்தகத்தோடும் பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்தால் போதும். வருபவர்களின் பெயர், பிறந்த தேதி, கணக்கு எண், மனைவியின் பெயர் ஆகியவற்றை எல்லா ஆவணங்களிலும் ஒத்துப்பார்ப்பது முதல் வேலை. திண்ணைக்கு வர முடியாத பெண்களுக்கு, வீட்டுக்குப் போய்ப் பார்க்க நம் சகோதரிகளில் இருவர் வேண்டும்.